மீட்டர் பார்க்க வந்தவரிடம் பீரோ சாவியா?

கணினியின் சூட்டையும் ஃபேன் வேகத்தையும் கண்காணிக்கும் மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

2025 மார்ச் மாதத்தில் பல நாடுகளில் விண்டோஸ் கணினிகளின் திரையில் ஒரே மாதிரியான எச்சரிக்கை தோன்றியது. ஆபத்தான கோப்பு ஒன்றைப் பிடித்துவிட்டதாகவும், அது 'ஹேக்டூல்' வகையைச் சேர்ந்தது என்றும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் அறிவித்தது. கோப்பின் பெயர் விண்ரிங்ஜீரோ. வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பதறியவர்கள் விசாரித்தபோது, அது வெளியிலிருந்து வந்ததே இல்லை என்று தெரிந்தது. கணினியின் ஃபேன் சத்தத்தைக் குறைக்க அவர்களே விரும்பி நிறுவிய மென்பொருளின் உறுப்பு அது. 'ஃபேன் கன்ட்ரோல்', 'லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர்', கணினிக்குள் ஒளிரும் விளக்குகளின் நிறத்தை மாற்றும் 'ஓப்பன் ஆர்ஜிபி' என நல்ல பெயர் எடுத்த இலவச மென்பொருள்கள் பலவும் அந்த ஒரே கோப்பை நம்பி இயங்கிக்கொண்டிருந்தன.

டிஃபெண்டர் சொன்னதில் பிழை இல்லை. அந்த மென்பொருள்களை எழுதியவர்களிடமும் கெட்ட எண்ணம் இல்லை. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று புரிந்துகொண்டால், தேர்வு பாதி முடிந்த மாதிரி. 'டாப் 10' பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. அவை எந்த மென்பொருளில் எத்தனை வரைபடம், எத்தனை நிறம் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன.

எண் எங்கிருந்து வருகிறது?

சூடு அளக்கும் சென்சார்கள் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இன்டெல் பிராசசருக்குள் ஒவ்வொரு கோரிலும் ஒரு டிஜிட்டல் சென்சார் உண்டு. அது நேரடியாக '72 டிகிரி' என்று சொல்லாது. உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். அந்த வரம்பு 100 என்றால், பாக்கி 28 என்பதைக் கழித்து 72 என்று காட்டுவது மென்பொருளின் வேலை. வரம்பைத் தவறாக எடுத்துக்கொண்டால் விடையும் தவறும். கோர் 2 காலத்தில் ஒரே பிராசசருக்கு இரண்டு மென்பொருள்கள் இரண்டு வெப்பநிலை காட்டி ஆளைக் குழப்பியதற்கு இதுவே காரணம்.

மதர்போர்டில் நுவோட்டான், ஐடிஇ போன்ற நிறுவனங்களின் சிறிய சிப் ஒன்று இருக்கும். போர்டின் சூடு, மின்னழுத்தம், ஃபேன்களின் வேகம் ஆகியவற்றை அது கவனிக்கிறது. ஃபேனிலிருந்து வரும் ஒயர்களில் ஒன்று வேகத்தைச் சொல்வதற்கென்றே உள்ளது. ஃபேன் ஒரு சுற்று சுற்றினால் அதில் பொதுவாக இரண்டு துடிப்புகள் வரும். அந்தச் சிப் அவற்றை எண்ணி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்கிடும். கிராஃபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் தங்கள் சூட்டைத் தாங்களே வைத்திருந்து, கேட்டால் சொல்லும்.

சிக்கல், கேட்கும் உரிமையில்தான். பிராசசர் தன்னிடம் ஓடும் நிரல்களை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. நாம் திறக்கும் பிரவுசரும் வேர்டும் வெளி அடுக்கில் ஓடுகின்றன. இயங்குதளத்தின் கெர்னல் மட்டும் 'ரிங் ஜீரோ' எனப்படும் உள்ளடுக்கில் இருக்கிறது. பிராசசர், மதர்போர்டு சென்சார்களைப் படிக்கும் கட்டளையை அந்த உள்ளடுக்கில் இருப்பவர்தான் இட முடியும். ஆகவே அவற்றின் சூட்டைக் காட்ட நினைக்கும் ஒவ்வொரு மென்பொருளும், உள்ளே போய்க் கேட்டு வர ஒரு டிரைவரை அனுப்பியாக வேண்டும்.

அந்த டிரைவரை எழுதுவது எளிதல்ல. எழுதினாலும் 64 பிட் விண்டோஸ் அதை ஏற்க டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். வருடங்கள் செல்லச்செல்ல மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனைகளை இறுக்கியது. செலவும் கூடியது. ஓய்வு நேரத்தில், காசு வாங்காமல் எழுதுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களுக்குக் கிடைத்த வரம்தான் விண்ரிங்ஜீரோ. எஸ்எஸ்டியின் உடல்நிலையைச் சொல்லும் 'கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ'வை எழுதிய ஜப்பானியரான நோரியுகி மியாசாகி, 2000-களின் பிற்பகுதியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதைப் பொதுவில் வைத்தார். அப்போதே கையொப்பமும் வாங்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து அந்தப் பழைய கோப்பே மென்பொருளுக்கு மென்பொருள் கைமாறி வந்தது.

அதன் குறை என்னவென்றால், கேட்பவர் யார் என்று அது பார்ப்பதில்லை. ஃபேன் வேகத்தைக் கேட்டாலும் சொல்லும், கணினியின் நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் எழுதச் சொன்னாலும் எழுதும். மின் கணக்கெடுக்க வந்தவரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்து, அவர் அதை வாசலில் மாட்டிவிட்டுப் போன கதை இது. கணக்கெடுத்தவர் நல்லவர்தான், ஆனால் அடுத்து வருபவர் யாரோ? இந்தக் குறை 2020-ல் சிவிஇ-2020-14979 என்ற எண்ணோடு பாதுகாப்புப் பதிவேட்டில் ஏறியது. பிறர் கணினியில் திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்களும் இதே கோப்பைத் தங்கள் மூட்டையில் கொண்டுவந்தார்கள். மைக்ரோசாஃப்ட் கடைசியில் கதவைச் சாத்தியது.

விண்ரிங்ஜீரோ மட்டுமல்ல. கேம் ஆடுபவர்கள் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைப் பார்க்கப் பெரிதும் நம்பும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரின் டிரைவரில் 2019-ல் ஓட்டை பதிவானது. 2022-ல் பிளாக்பைட் என்ற ரான்சம்வேர் கும்பல் அந்த டிரைவரின் பழைய பதிப்பைத் தானே கையோடு கொண்டுபோய், குறிவைத்த கணினிகளில் இருந்த பாதுகாப்பு மென்பொருள்களை முடக்கியது. அந்தக் கணினிகளில் ஆஃப்டர்பர்னர் நிறுவப்பட்டிருக்க வேண்டிய தேவைகூட இல்லை, கையொப்பமிட்ட கோப்பு ஒன்று கிடைத்தால் போதும். ஒரு காலத்தில் இந்தத் துறையின் ராஜாவாக இருந்த ஸ்பீட்ஃபேனின் டிரைவருக்கு 2007-லேயே இப்படி ஒரு பதிவு உண்டு.

ஆகவே நான் முதலில் பார்ப்பது மென்பொருளின் டிரைவரைத்தான். அது எந்த வழியாக உள்ளே போகிறது, அந்த வழியை இன்று யார் பராமரிக்கிறார்கள்?

ஸ்பீட்ஃபேனுக்கு ஒரு வணக்கம்

இத்தாலியரான அல்ஃபிரெடோ மிலானி கொம்பாரெட்டி எழுதிய ஸ்பீட்ஃபேனை ஒரு தலைமுறையே பயன்படுத்தியது. சூட்டையும் காட்டும், ஃபேனையும் அடக்கும், காசும் கிடையாது. பழைய பட்டியல்கள் இன்றும் அதையே முதலிடத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் அதன் கடைசிப் பதிப்பான 4.52 வந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு வந்த மதர்போர்டுச் சிப்களை அதற்குத் தெரியாது. தெரியாத சிப்பிடம் தெரிந்த மாதிரி பேசினால் கிடைப்பது அபத்தமான எண்கள்தான். இன்றைய கணினியில் அதை நிறுவ வேண்டாம்.

எண்ணைப் படிக்கவும் அறிவு வேண்டும் என்பதற்கு 2017 நல்ல சாட்சி. ஏஎம்டி அந்த ஆண்டு ரைசன் பிராசசர்களை இறக்கியது. ரைசன் 7 1800எக்ஸ் வாங்கியவர்கள் சூட்டைப் பார்த்து அதிர்ந்தார்கள், சும்மா இருக்கும்போதே அவ்வளவு காட்டியது. ஃபேன் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டி அந்த மாடலின் அளவோடு வேண்டுமென்றே 20 டிகிரியைக் கூட்டி வைத்திருந்தது என்பது பிறகு விளக்கப்பட்டது. உடனே திருத்தம் வெளியிட்ட மென்பொருள்கள் சரியான சூட்டைக் காட்டின. கைவிடப்பட்டவை 20 டிகிரி கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்தன. சென்சார் இணைக்கப்படாத முனைகளும் இப்படித்தான் ஏமாற்றும். 127 டிகிரி, மைனஸ் 60 டிகிரி என்று ஏதாவது வரும். அதைப் பார்த்து யாரும் கணினியைப் பிரிக்க வேண்டியதில்லை. வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அசையாமல் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும், பெரும்பாலும் அந்த முனையில் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

பார்ப்பதற்கு எது, அடக்குவதற்கு எது?

பார்ப்பது வேறு, ஃபேனை அடக்குவது வேறு. ஒரே மென்பொருள் இரண்டையும் செய்ய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது.

விண்டோஸில் பார்ப்பதற்கு என் முதல் தேர்வு எச்டபிள்யூஇன்ஃபோ. மார்ட்டின் மாலிக் என்பவர் டாஸ் காலத்திலிருந்து இதைக் கவனித்து வருகிறார். புதிய பிராசசரோ மதர்போர்டோ வந்தால் விரைவிலேயே அதற்கான திருத்தம் வந்துவிடும். டிரைவரும் அவருடையதே. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், அலுவலகத்துக்கென்றால் உரிமம் வாங்க வேண்டும். திறந்தவுடன் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து மிரட்டும் என்பது உண்மை. 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்து, தேவையற்ற வரிகளை மறைத்துவிட்டால் பத்துப் பதினைந்து வரிகளில் அடங்கிவிடும். இப்போதைய அளவு, குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று அதில் நான்கு பத்திகள் உண்டு. பலரும் முதல் பத்தியையே பார்க்கிறார்கள். விஷயம் மூன்றாவதில் இருக்கிறது. கேம் ஆடி முடித்தபிறகோ வீடியோ எடிட் செய்தபிறகோ வந்து பார்த்தால், உச்சம் எவ்வளவு போனது என்று அது சொல்லும். எல்லாவற்றையும் கோப்பாகச் சேமிக்கவும் முடியும்.

இவ்வளவு வேண்டாம் என்பவருக்கு பிரான்ஸின் சிபியுஐடி நிறுவனத்தின் எச்டபிள்யூமானிட்டர் போதும். கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் என்றால் ஜிபியு-இசட். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டாம். ஒரே சிப்பிடம் எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் பதில்கள் கலந்து, சில சமயம் தவறான எண் வந்துவிடும். ஒழுங்காக எழுதப்பட்டவை ஒன்றுக்கொன்று வழிவிடும், எல்லாம் அப்படி இல்லை.

அடக்குவதற்கு, முதலில் மதர்போர்டின் பயாஸுக்குள் போங்கள். சூடு இவ்வளவு ஆனால் ஃபேன் இவ்வளவு சுற்ற வேண்டும் என்ற வளைகோட்டை அங்கேயே வரையலாம். அசூஸில் க்யூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். விண்டோஸ் தொங்கினாலும் அது தொடர்ந்து வேலை செய்யும். மென்பொருளின் கையில் ஃபேனைக் கொடுத்திருந்து அந்த மென்பொருள் நடுவில் நின்றுபோனால், கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே ஃபேன் சுழன்றுகொண்டிருக்கக்கூடும். அந்த வேகம் குறைவானதாக இருந்தால் வம்பு.

பயாஸால் முடியாத ஒன்று உண்டு. பல போர்டுகளில் கேபினெட் ஃபேன்கள் பிராசசரின் சூட்டைத்தான் பின்பற்றும். கேம் ஆடும்போது கொதிப்பது கிராஃபிக்ஸ் கார்டு. அதன் சூட்டைப் பார்த்துக் கேபினெட் ஃபேன் சுழல வேண்டுமென்றால் ரெமி மெர்சியே எழுதிய ஃபேன் கன்ட்ரோல்தான் இன்று சிறந்தது. மார்ச் 2025 அடியில் விழுந்தது இதுவேதான். அதன்பின் இதுவும் லிப்ரே ஹார்டுவேர் மானிட்டரும் 'பான்ஐஓ' என்ற புதிய டிரைவருக்கு மாறின. கேட்டதையெல்லாம் செய்யாமல், முன்கூட்டியே சரிபார்த்துக் கையொப்பமிட்ட சிறு கட்டளைத் தொகுப்புகளை மட்டும் அது இயக்கும். எனவே இவற்றை நிறுவுகிறவர்கள் புதிய பதிப்பையே எடுக்க வேண்டும். டிஃபெண்டர் தடுத்தால் 'விதிவிலக்கு' கொடுத்துவிடுங்கள் என்று சொல்லும் பழைய யோசனைகளைக் கேட்காதீர்கள்.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். 2022-ல் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரின் பக்கம் போலவே தோன்றும் போலித் தளங்கள் ஐம்பதுக்கும் மேல் இருந்ததை சைபிள் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. அவற்றில் கிடைத்த கோப்பு ஆஃப்டர்பர்னரையும் நிறுவும், கூடவே கடவுச்சொல் திருடும் நிரலையும் நாணயம் தோண்டும் நிரலையும் வைத்துவிடும். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காமல், எழுதியவரின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. சென்சார் டிரைவர்கள் கெர்னலிலேயே பலர் கண்முன் எழுதப்பட்டு இருக்கின்றன. எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி 'சென்சார்ஸ்' என்று தட்டினால் எண்கள் வரும்.

லேப்டாப் தனிக் கதை. அதில் ஃபேனை ஆள்வது நிறுவனம் தனக்கென அமைத்த ஒரு கன்ட்ரோலர். அதன் மொழி மாடலுக்கு மாடல் மாறும். பொது மென்பொருளில் பிராசசர் சூடு தெரியும், ஃபேன் வேகம் பல லேப்டாப்களில் தெரியாது. தெரியவில்லை என்றால் மென்பொருள் கெட்டது என்று அர்த்தமில்லை. லெனோவா வான்டேஜ், ஏசர் நைட்ரோசென்ஸ் போல நிறுவனம் தந்ததையே பயன்படுத்தலாம். அசூஸ்காரர்களுக்கு ஜி-ஹெல்பர் என்ற எடை குறைந்த திறமூல மாற்று உண்டு. எம்1 மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் ஃபேன் வேகத்தைத் தேட வேண்டாம், அதில் ஃபேனே கிடையாது.

எவ்வளவு சூடு அதிகம்?

2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளத்தின் தாமஸ் பாப்ஸ்ட் ஒரு வீடியோ வெளியிட்டார். கணினி கேம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிராசசரின் ஹீட்சிங்க்கைக் கழற்றினார். ஏஎம்டி அத்லான் நொடிகளில் புகைந்து செத்தது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைய பிராசசர்கள் எல்லாமே பென்டியம் 4 வழிக்கு வந்துவிட்டன. ஆகவே சூட்டில் எரிந்துபோவது அபூர்வம். சத்தமில்லாமல் மெதுவாவதுதான் இன்றைய நோய். வாங்கிய விலைக்கான வேகம் கிடைக்காது, ஏன் என்றும் தெரியாது. சூட்டோடு கூடவே பிராசசரின் கிகாஹெர்ட்ஸையும் பாருங்கள். சூடு வரம்பைத் தொட்டதும் கிகாஹெர்ட்ஸ் சரிந்தால் குளிர்விப்பு போதவில்லை. எச்டபிள்யூஇன்ஃபோவில் 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரியில் 'யெஸ்' என்று வரும்.

வரம்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. இன்டெல்லில் பலவற்றுக்கு 100, ரைசன் 5000 வரிசையில் பலவற்றுக்கு 90, ரைசன் 7000-ல் பலவற்றுக்கு 95. அந்த 95-ல் நாள் முழுக்க ஓடவே அதை வடிவமைத்திருப்பதாக ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. கேம் ஆடும்போது மெல்லிய லேப்டாப் 95-ஐத் தொடுவதும் வழக்கமே.

இணையத்து விமர்சனங்களில் வரும் அளவுகளோடு நம் கணினியை ஒப்பிடும்போது அறையின் சூட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் 21 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையில் சோதிக்கிறார்கள். மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத மாடி அறை 36 டிகிரி இருந்தால், அதே கூலர் அதே பிராசசரை ஏறத்தாழ அந்த வித்தியாசத்தின் அளவுக்குக் கூடுதல் சூட்டில்தான் வைத்திருக்க முடியும். அங்கே 70 என்றால் இங்கே 80-ஐத் தாண்டும். கூலர் மட்டம் என்று முடிவு கட்டுவதற்குமுன் அறையின் சூட்டைக் கழியுங்கள்.

ஃபேன் வேகத்தைத் தனியாகப் பார்ப்பதிலும் ஏமாற்றம் உண்டு. ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே தூசி அப்பியிருந்தாலும் ஃபேன் தன் 1,500 சுற்றைச் சுற்றும். எண் சரியாக இருக்கும், காற்று போகாது. அதே வேகத்தில், அதே வேலையில், சூடு மட்டும் ஆறு மாதத்துக்கு முன்பைவிட ஏறியிருந்தால் தூசியையோ காய்ந்த தெர்மல் பேஸ்ட்டையோ சந்தேகிக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் பூஜ்யம் காட்டினால் உடனே பயப்படத் தேவையில்லை. வேலை இல்லாதபோது பல கார்டுகள் ஃபேனை நிறுத்திவிடும்.

இந்த எண்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஏஎம்டியின் ரேடியான் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கதையைச் சொல்வேன். 2022 டிசம்பரில் வந்த விலையுயர்ந்த கார்டு அது. சிலருக்கு மட்டும் ஃபேன் அலறியது. கார்டின் பொதுச் சூடு மிதமாகவே இருந்தது, 'ஹாட்ஸ்பாட்' எனப்படும் மிகச் சூடான புள்ளி மட்டும் 110-ஐத் தொட்டது. அந்த இடைவெளிதான் துப்பு. வாங்கியவர்கள் தங்கள் கண்காணிப்பு எண்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டார்கள். டெர்பவர் என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் கார்டுகளை வரவழைத்துத் திருப்பித் திருப்பி வைத்துச் சோதித்தார், கார்டு இருக்கும் வாட்டத்தைப் பொறுத்து சூடு மாறியது. 2023 ஜனவரியில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. ஒரு பகுதிக் கார்டுகளில் சூட்டைக் கடத்தும் வேப்பர் சேம்பருக்குள் போதிய நீர் இல்லை. கார்டுகளை மாற்றிக்கொடுத்தார்கள். பொதுச் சூட்டை மட்டும் காட்டும் மென்பொருளை வைத்திருந்தவர், 'ஃபேன் சத்தம் அதிகம்' என்று மட்டும் புலம்பியிருப்பார். ஆகவே தேர்ந்தெடுக்கும் மென்பொருள் ஹாட்ஸ்பாட்டைத் தனியே காட்டுகிறதா என்று பாருங்கள். என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகளில் அந்த அளவு வெளியே தரப்படவில்லை என்பது எனக்கு வருத்தமே.

மைக்ரோசாஃப்ட் மீதும் ஒரு கேள்வி உண்டு. 2020 மே அப்டேட்டிலிருந்து டாஸ்க் மேனேஜர் தனி கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைக் காட்டுகிறது. பிராசசரின் வெப்பநிலையைக் காட்டவில்லை. ஃபேன் வேகத்தையும் காட்டவில்லை. சாதாரண நிரல்கள் சென்சாரைப் படிக்க மட்டும் உதவும் பாதுகாப்பான வழி ஒன்றை விண்டோஸே கொடுத்திருந்தால், விண்ரிங்ஜீரோ இவ்வளவு கணினிகளில் குடியேறியிருக்காது. கதவைச் சாத்தியது சரி. ஜன்னலையாவது திறந்திருக்க வேண்டும்.

அதுவரை, புதிதாகக் கணினி வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், அசெம்பிள் செய்து முடித்ததும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் முழுப் பளுவில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பொருத்தியிருந்தால் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு ஃபேனின் ஒயரை மாட்ட மறந்திருந்தாலும் தெரியும். பிராசசர், ஹாட்ஸ்பாட், எஸ்எஸ்டி ஆகியவற்றின் அதிகபட்ச எண்களையும் ஒவ்வொரு ஃபேனின் வேகத்தையும் அன்றைய அறைச் சூட்டையும் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் கணினி தடுமாறினால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டியிருக்கும்.